அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம்

எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில், ஷவருக்குக் கீழே உள்ள மூலையில், உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். காலை ஆறு மணிக்குக் குளித்தால் பத்து மணிக்கும் அது அங்கேயே இருக்கும். துடைப்பத்தால் தள்ளினால் போய்விடும். மறுநாள் மறுபடி வரும். ஒன்பது ஆண்டுகளில் அந்த இடத்து டைல் இடுக்குகள் கறுத்துப் பாசி படர்ந்தன. ஒருநாள் அம்மா அங்கே கால் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவது என்று முடிவுசெய்தோம்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். வேலை நடந்த எட்டு நாளும் வாசற்படியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பரப்பு இழுவிசை, தகைவு, வெப்ப விரிவு என்று கரும்பலகையில் எழுதியவை எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மேஸ்திரி அவற்றுக்கு வேறு பெயர்கள் வைத்திருந்தார்; அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொட்டிக்குள்ளோ கண்ணாடித் தடுப்புக்குள்ளோ நின்று குளிப்பது வழக்கம். அறையின் மற்றப் பகுதி உலர்ந்தே இருக்கும். தடுப்பு எதுவும் இல்லாமல், அறை முழுவதும் நனைந்து, தரையிலேயே தண்ணீர் வடியும்படி கட்டுவதை அங்கே ‘வெட் ரூம்’ என்று தனிப்பெயரிட்டு அழைக்கிறார்கள். நம் வீட்டுக் குளியலறை எப்போதும் அதுதான். வாளியும் சொம்புமாகக் குளித்தாலும், ஷவரில் குளித்தாலும், துணி துவைத்தாலும், தண்ணீர் நான்கு சுவருக்குள் எங்கு வேண்டுமானாலும் விழும். எங்கே விழுந்தாலும் ஒரே ஒரு துளைக்குப் போய்ச் சேர வேண்டும். ஓர் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி எப்படியோ அப்படித்தான் இந்தத் தரையும். மேலே ஒட்டும் டைலின் நிறத்தையும் பூவையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்; நிலத்தின் சரிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சரிவு ஏன் வேண்டும்? தண்ணீர் தானாகப் பரவிப் போய்விடாதா? போகாது. மட்டமான பரப்பில் தண்ணீரை ஊற்றினால் ஓரளவுக்குப் பரவி நின்றுவிடும். ஈர்ப்பு விசை அதை அமுக்கி விரிக்கப் பார்க்கிறது. பரப்பு இழுவிசை அதன் விளிம்பை உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமன்படும்போது, சில மி.மீ. கனமுள்ள ஒரு தகடாகத் தண்ணீர் படுத்துவிடும். எண்ணெய்ப் பசையும் சோப்புப் படிவும் உள்ள தரையில் அது இன்னும் பிடிவாதமாக நிற்கும். அந்தத் தகட்டை நகர்த்தத்தான் சரிவு. நம்மூர்க் கொத்தனார்கள் அதற்கு ‘வாட்டம்’ என்பார்கள். குளிக்கும் இடத்தில் அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் என்பது பழகிய கணக்கு. அதாவது 48-க்கு 1, ஏறத்தாழ 2 சதவீதம். இதற்கு மிகவும் குறைந்தால் தேங்கும். ரொம்பவும் கூடினால் நிற்கும்போது கணுக்காலுக்குத் தெரியும், வயதானவர்களுக்கு நடை தடுமாறும்.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் எங்கள் மூலையில் ஏன் தண்ணீர் தேங்கியது? பழைய டைலைப் பெயர்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இந்த வேலையில் மிகவும் அழகான இடம் இதுதான்.

எங்கள் அறையில் குளிக்கும் பகுதி நாலடிக்கு நாலடி, அதாவது 1,200 மி.மீ. சதுரம். நடுவில், தண்ணீர் வடியும் துளையான நானி ட்ராப். ஓரங்கள் நான்கும் ஒரே உயரத்தில் இருக்க, நடுத் துளையை நோக்கி 2 சதவீதம் சரிய வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு 600 மி.மீ.; ஆகவே இறக்கம் 12 மி.மீ. இப்படிச் சரித்தால் தரை ஒரே தளமாக இருக்க முடியாது. நான்கு ஓரங்களிலிருந்தும் நான்கு முக்கோணத் தளங்கள் இறங்கி வந்து, மூலைவிட்டங்களில் ஒன்றையொன்று சந்திக்கும். கடித உறையின் பின்பக்கத்து மடிப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மடிப்புக் கோடு இருக்கிறதே, மூலையிலிருந்து நடுவுக்கு அதன் நீளம் 848 மி.மீ. இறக்கமோ அதே 12 தான். ஆகவே அந்தக் கோட்டில் சரிவு 1.4 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. அறையிலேயே மிகவும் சோம்பலான சரிவு மூலைகளிலிருந்து வரும் இந்தக் கோடுகளில்தான்.

இப்போது அந்த மூலையில் ஓரடி டைல் ஒன்றை வெட்டாமல் முழுதாக வையுங்கள். அதன் நான்கு முனைகளில் மூன்று, குளிக்கும் பகுதியின் ஓரத்தில் அமைகின்றன. ஓரம் முழுக்க ஒரே உயரம் என்பதால் அந்த மூன்று முனைகளும் ஒரே உயரம். மூன்று கல் வைத்த அடுப்பு ஆடாது. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடும். மூன்றும் ஒரே உயரம் என்றால் அந்தத் தளம் படு மட்டம். ட்ராப்பைப் பார்த்திருக்கும் நான்காவது முனை, இருக்க வேண்டிய உயரத்தைவிட 6 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும். 300 மி.மீ. டைலுக்கு 2 சதவீதம் என்றால் சரியாக 6. எங்கள் வீட்டில் முதலில் வேலை செய்தவர், அந்த மேட்டை மறைக்கப் பக்கத்து டைல்களையும் கொஞ்சம் தூக்கியிருந்தார். சரிவான தரையின் மூலையில் ஒரு மட்டமான மேடையும், அதன் வாசலில் ஒரு வரப்பும் தயாராகிவிட்டன. ஒன்பது ஆண்டுகளாக அந்த வரப்புதான் தண்ணீரைத் தேக்கிவைத்திருந்தது.

இதே கணக்கை இரண்டு இஞ்ச் சதுரமுள்ள மொசைக் துண்டுக்குப் போட்டால் வித்தியாசம் 1 மி.மீ. தான், இடுக்குப் பூச்சே அதை விழுங்கிவிடும். இரண்டடி டைலுக்குப் போட்டால் 12 மி.மீ.; யாராலும் ஒளிக்க முடியாது. குளிக்கும் இடத்துக்குச் சின்ன டைல் நல்லது என்று பழைய ஆட்கள் சொல்வதன் பொருள் இதில்தான் இருக்கிறது. பெரிய டைல்தான் வேண்டும் என்றால் ட்ராப்பை நடுவில் வைக்காமல், ஒரு சுவரோரம் நீளமான வடிகால் போட்டு, தரை முழுவதையும் ஒரே தளமாக அந்தப் பக்கம் சாய்த்துவிடலாம். ட்ராப் மூலையில் இருக்கும் வீடுகளிலும் தரையை ஒரே தளமாக அந்த மூலைக்குச் சாய்க்க முடியும். அப்போது தரையில் வெட்டு மிச்சமாகும்; ஆனால் சுவரோரம் உயரம் மாறிக்கொண்டே போவதால், சுவர் டைலின் அடி வரிசையைச் சாய்வாக வெட்டியாக வேண்டும். எங்காவது ஓரிடத்தில் வெட்டித்தான் தீர வேண்டும்.

எங்கள் மேஸ்திரி மடிப்புக் கோட்டிலேயே வெட்டுவது என்று முடிவுசெய்தார். நாலுக்கு நாலு சதுரத்தில் 16 டைல்கள். அவற்றில் மூலைவிட்டங்கள் மேல் படுத்திருப்பவை 8. அவை ஒவ்வொன்றையும் இரண்டு முக்கோணமாக வெட்டி, ஒவ்வொரு முக்கோணத்தையும் அதனதன் சரிவில் படுக்கவைக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் மட்டம் பார்த்தாக வேண்டும். அதற்கு அவர் கொண்டுவந்தது கண்ணாடிபோல் தெரியும் ஒரு ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையைச் சித்தாள் ஒரு சுவரில் பிடிக்க, மறுமுனையோடு மேஸ்திரி அறையைச் சுற்றி வந்தார். இரு முனைகளும் காற்றுக்குத் திறந்திருந்தால், குழாய் எப்படி வளைந்து நெளிந்தாலும் இரு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். லேசர் மட்டக்கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் மூலை திரும்பி அடுத்த அறைக்குள் மட்டத்தைக் கொண்டுபோக இந்தக் குழாய்க்கு ஈடில்லை. நடுவில் காற்றுக்குமிழ் சிக்கிக்கொண்டால் மட்டும் கணக்கு கெட்டுவிடும். அதனால் குழாயை முழுதும் விரலால் நீவி, குமிழை வெளியேற்றிவிட்டுத்தான் பென்சிலை எடுத்தார்.

டைல் கட்டர் என்று நாம் சொல்லும் கருவி பார்க்க எளிமையானது. இரண்டு தண்டவாளம், அதன்மேல் ஓடும் ஒரு கைப்பிடி, கைப்பிடியின் அடியில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக ஒரு சக்கரம். ஸ்பெயினில், பார்சலோனாவுக்கு அருகே ரூபி என்ற ஊரில், போவாடா சகோதரர்கள் 1951-ல் செய்த கைக்கருவிதான் இந்த வகையில் புகழ்பெற்றது. அந்த ஊர்ப் பெயரே கருவியின் பெயராகவும் ஆகிவிட்டது. அந்தச் சக்கரம் டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. டைலின் மேற்பூச்சைவிட அது கடினமானது என்பதால் கீற முடிகிறது.

மேஸ்திரி டைலை மூலைவிட்டமாக வைத்தார். 300 மி.மீ. டைலின் மூலைவிட்டம் 424 மி.மீ. சக்கரத்தைத் தொலைவான முனையில் பதித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே இழுப்பில் தன் பக்கம் கொண்டுவந்தார். ‘ஸ்ர்ர்ர்’ என்று நறுக்கான ஒரு சத்தம். மேலே தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு. விழுந்திருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிசு.

“இன்னொரு தடவை இழுத்துடலாமே மேஸ்திரி?” என்றேன்.

“வேணாம் சார். ரெண்டாவது கோடு போட்டா டைல் கோவிச்சுக்கும்.”

கைப்பிடியைத் திருப்பி, கோட்டின் மேல் லேசாக ஓர் அழுத்தம் கொடுத்தார். ‘டொக்’. டைல் இரண்டு முக்கோணமாகப் பிரிந்தது. எட்டு மி.மீ. கனமுள்ள பொருளில் மேலே மட்டும் விழுந்த ஒரு கீறல், அடிவரைக்கும் நேராகப் போய் அதை இரண்டாக்கிவிட்டது.

பீங்கான் வகைப் பொருள்கள் அழுத்தத்தைப் பிரமாதமாகத் தாங்கும்; இழுவையைத் தாங்காது. கோட்டுக்கு நேர் கீழே ஒரு மேடு இருக்க, இரு பக்கமும் அழுத்தினால் டைல் மிக மிக லேசாக வளைகிறது. வளையும்போது அதன் மேல்பக்கம் இழுபடுகிறது. இழுபடும் பரப்பில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்தால், பரப்பு முழுவதும் பரவ வேண்டிய இழுவிசை அந்த விரிசலின் நுனியில் குவிந்துவிடும். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஏ. ஏ. கிரிஃபித், கண்ணாடியை வைத்துச் சோதனைகள் செய்து 1921-ல் இதற்கு விளக்கம் தந்தார். விரிசல் வளரும்போது இரண்டு புதிய பரப்புகள் உருவாகின்றன. அதற்கு ஆற்றல் செலவாகும். அதே நேரம் வளைந்து முறுக்கேறியிருந்த பொருள் தளர்ந்து ஆற்றலை வெளிவிடும். வெளிவரும் ஆற்றல் செலவாகும் ஆற்றலை மிஞ்சும் நொடியில், யாரும் தள்ளாமலே விரிசல் தானாக ஓடும். அதனால்தான் ‘டொக்’ என்ற அந்தச் சத்தம் அவ்வளவு சட்டென்று முடிந்துவிடுகிறது.

இரண்டாவது கோடு ஏன் கூடாது என்பதும் இதிலேயே புரியும். இரண்டாம் முறை இழுக்கும்போது சக்கரம் முதல் கோட்டிலேயே அச்சாகப் போகாது. ஓரத்தைச் சிதைத்து, பக்கவாட்டில் கிளை விரிசல்களை உண்டாக்கும். விரிசலுக்கு இப்போது போக இரண்டு மூன்று வழிகள். அழுத்தியதும் அது தனக்குப் பிடித்த வழியில் போய்விடும். கோவிச்சுக்கும் என்று மேஸ்திரி சொன்னது அதைத்தான்.

கதவு நிலையைச் சுற்றி ஒரு டைலை ‘ட’ எழுத்து வடிவில் வெட்ட வேண்டியிருந்தது. இது கைக்கட்டருக்கு ஆகாது. வைர பிளேடு போட்ட மெஷின் வேண்டும். மேஸ்திரி உடனே வெட்டவில்லை. உள்மூலை வரும் இடத்தில் முதலில் ஒரு துளை போட்டார். பிறகு இரு பக்கத்திலிருந்தும் பிளேடைக் கொண்டுவந்து அந்தத் துளையில் முடித்தார். கூர்மையான உள்மூலையில் தகைவு (பொருளுக்குள் ஏறும் விசை) குவிந்து, நாளடைவில் அங்கிருந்து விரிசல் கிளம்பும். துளையின் வளைவு அந்தக் குவிப்பைத் தளர்த்துகிறது. சி. ஈ. இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1913-லேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். வளைவின் ஆரம் எவ்வளவு சின்னதோ, தகைவு அவ்வளவு பெரிது. விமான ஜன்னல்களின் மூலைகள் உருண்டையாக இருப்பதற்குப் பின்னாலும் இதே கணக்குதான். எங்கள் மேஸ்திரி இங்லிஸைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மூலையில் துளை போடாத டைல்கள் ஆறு மாதத்தில் விட்டுப்போனதைப் பார்த்திருக்கிறார்.

அந்த வைர பிளேடு கத்தி மாதிரி அறுப்பதில்லை. அதன் விளிம்பில் உலோகத்தில் பதிந்திருக்கும் வைரப் பொடிகள் டைலைத் துகள் துகளாகத் தேய்த்து எடுக்கின்றன. 110 மி.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. வேகத்தில் போகிறது. தேய்ந்து வருவது தூசி. அந்தத் தூசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நான் எழுதக் கூடாது.

டைல் என்பது களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்துச் சுட்டது. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. அதை உலர்வாக அறுத்தால் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகையோடு கண்ணுக்குத் தெரியாத துகள்களும் எழும். ஒரு மி.மீ.-இன் ஆயிரத்தில் நான்கு பங்குக்கும் சிறிய துகள்கள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் காற்றறைகள் வரை போய்ப் படிந்துவிடும். உடலால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. அவற்றைச் சுற்றித் தழும்பு வளர்ந்து, நுரையீரல் விரியும் தன்மையை இழக்கும். இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சுவாசிக்கும் படிகச் சிலிக்காவை 1997-ல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்தத் துகள்களைத் தடுக்காது. பிளேடின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசி சேறாகித் தரையிலேயே தங்கிவிடும், பிளேடும் சூடேறாது.

எங்கள் வீட்டில் பதினெட்டு வயதுச் சித்தாள் ஒருவன் இருந்தான். முதல் நாள் அவன் மூடிய அறைக்குள் உலர்வாகத்தான் வெட்டத் தொடங்கினான். நிறுத்தச் சொல்லி, மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், ஒரு பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் சொட்டவிட்டு வெட்டவைத்தேன். இரண்டு என்-95 முகக்கவசமும் வாங்கிக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் வேலை நடந்தால் இதைச் செய்யுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் என்பதால், கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தை அணைக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் செருகச் சொல்லுங்கள். டைலுக்கு ஆகும் செலவில் இது ஒன்றுமே இல்லை.

டைலுக்குக் கீழே வருவோம். டைல் தண்ணீரை விடாது, ஆகவே தரை ஒழுகாது என்று பலர் நினைக்கிறார்கள். டைல் விடாது, டைலுக்கு நடுவே உள்ள இடுக்கு விடும். சிமென்ட்டால் ஆன இடுக்குப் பூச்சில் நுண்துளைகள் ஏராளம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும் தண்ணீர், கீழே உள்ள கலவையை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். எங்கள் வீட்டில் கீழே சாப்பாட்டறையின் மேற்கூரையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சிமென்ட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீர் கரைத்துக் கீழே கொண்டுவருகிறது. அது காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாகப் படிகிறது. சுண்ணாம்புக் குகைகளில் விழுது விழுதாகத் தொங்குவதும் அதே பொருள்தான்.

ஆகவே தண்ணீரைத் தடுக்கும் படலம் டைலுக்குக் கீழே இருக்க வேண்டும். மொஹஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1920-களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அந்தக் குளம் சுமார் 4,500 ஆண்டுப் பழமையானது. செங்கற்களை நெருக்கமாக அடுக்கி ஜிப்சம் சாந்து பூசியவர்கள், அதோடு நிறுத்தாமல், பின்னால் ஏறக்குறைய ஓர் இஞ்ச் கனத்துக்கு நிலக்கீல் அப்பியிருக்கிறார்கள். அதன் தரை தென்மேற்கு மூலையில் உள்ள வடிகாலை நோக்கிச் சரிகிறது. வெளியே கல், உள்ளே தடுப்புப் படலம், வடிகாலுக்கு வாட்டம். நாங்கள் செய்ததும் அதேதான். நிலக்கீலுக்குப் பதில் பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு. முதலில் வாட்டத்தைக் கலவையிலேயே கொண்டுவந்து, மணியாஸ் என்ற தேய்ப்புக் கட்டையால் தேய்த்து, காய்ந்ததும் பூச்சை ஒரு கை நெடுக்காகவும் மறு கை குறுக்காகவும் அடித்தார்கள். ஷவர் பக்கத்துச் சுவரில் ஆறடி உயரம்வரை. தரையும் சுவரும் சேரும் மூலையில் வலைத்துணி வைத்து அடித்தார்கள், விரிசல் முதலில் வருவது அங்கேதான். பிறகு ட்ராப்பைச் சாக்குத் துணியால் அடைத்து, தண்ணீர் கட்டி, அதன் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, இரண்டு நாள் விட்டோம். பலர் இந்த இரண்டு நாளைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். டைல் ஒட்டிய பிறகு ஒழுகல் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

டைலை எதை வைத்து ஒட்டுவது? சிமென்ட் பால் ஊற்றி ஒட்டுவது பழைய வழக்கம். அந்தக் காலத்து டைலுக்கு அது சரி. சாதாரணச் சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். சிமென்ட் பால் அதன் துளைகளுக்குள் புகுந்து, அங்கே படிகமாக வளர்ந்து, வேர் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். இன்று தரைக்கு வாங்கும் விட்ரிஃபைடு டைல் 1,200 டிகிரி அளவில் சுடப்பட்டு, ஃபெல்ட்ஸ்பார் உருகித் துளைகளை எல்லாம் அடைத்துவிட்ட பொருள். அது குடிப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. வேர் விட இடமே இல்லை. அதை வாளித் தண்ணீரில் ஊறப்போடுவதிலும் பயனில்லை. இதற்கென்று வரும் பசைத்தூளில் சிமென்ட்டோடு பாலிமர் கலந்திருக்கும். அது வழவழப்பான பரப்பிலும் ஒட்டும், கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். அதில் மரக்கூழிலிருந்து செய்யும் ஒரு செல்லுலோஸ் பொருளும் உண்டு. அது தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், சிமென்ட் இறுகி முடிவதற்குள் நம் ஊர் வெயிலில் பசை காய்ந்துபோகாது. மூட்டையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற எண் இருக்கிறதா, எந்த வகை டைலுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பல் வைத்த கரண்டியால் பசையை ஒரே திசையில் வரி வரியாக இழுக்க வேண்டும். டைலை அழுத்தும்போது வரிகளுக்கு இடையே உள்ள காற்று பக்கவாட்டில் வெளியேறும். வட்டமாகச் சுழற்றிப் பூசினால் காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே சிறைப்பட்டு, அந்த வெற்றிடம் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். நனையும் இடங்களில் டைலின் அடிப்பரப்பில் 95 சதவீதம் பசை தொட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. நாங்கள் மூன்றாவது டைலை ஒட்டியதும் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தோம். ஒரு மூலையில் பசை படவே இல்லை. அதற்குப் பிறகு டைலின் முதுகிலும் மெல்லிசாக ஒரு கை தடவிவிட்டு ஒட்டினார்கள்.

வெட்டிய முக்கோணங்கள் பதிந்தபோது, இடுக்கு எதற்கு, ஒட்டியே வைத்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று வீட்டில் கேட்டார்கள். சிமென்ட் கலவை மாதக்கணக்கில் காயும்போது மீட்டருக்கு அரை மி.மீ. அல்லது அதற்கு மேல்கூடச் சுருங்கும். டைல் சுருங்காது, வெந்நீர் பட்டால் கொஞ்சம் விரியவும் செய்யும். கீழே படுக்கை சுருங்க, மேலே டைல்கள் ஒன்றையொன்று நெருக்கி, ஒருநாள் பட்டென்ற சத்தத்தோடு கூடாரம் போல எழும்பிவிடும். பல வீடுகளில் இது நடந்திருக்கிறது. 2 அல்லது 3 மி.மீ. இடுக்கு அந்த நெருக்கத்துக்கு மூச்சுவிட இடம் தருகிறது. சுவரும் தரையும் சேரும் கோட்டில் கடினமான பூச்சு கூடாது, அங்கே சிலிக்கோன்.

இடுக்கை நிரப்பியது எபாக்ஸியால். விலை கூடுதல்தான். ஆனால் நம் வீடுகளில் குளியலறையைக் கழுவ ஆசிட் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. ஊற்றியதும் நுரைத்து வருவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று திருப்திப்படுகிறோம். நுரைப்பதில் ஒரு பகுதி சிமென்ட் இடுக்கே கரைவதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. ஒவ்வொரு பண்டிகைக்கும் இப்படிக் கழுவினால் சில ஆண்டுகளில் இடுக்கு குழியாகிவிடும். எபாக்ஸியை அது அப்படி அரிப்பதில்லை.

டைலை அம்மாதான் தேர்ந்தெடுத்தார். சொரசொரப்பான மேற்பரப்பு, சாம்பல் நிறம். வழுக்கலை அளக்க ஜெர்மனியில் ஒரு முறை உண்டு: சோப்புத் தண்ணீர் ஓடும் பலகையில் ஒருவரை வெறுங்காலுடன் நடக்கவிட்டு, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். 12 டிகிரிவரை தாங்கினால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி. கடையில் அந்த எழுத்தெல்லாம் எழுதியிருக்கவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கடைப் பையனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி டைலின் மேல் ஊற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஐந்தாவது டைலில் “இது” என்றார்.

எட்டாம் நாள் மாலை மேஸ்திரி ட்ராப்பின் அடைப்பை எடுத்து, முதலில் அதிலேயே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். ட்ராப்புக்குள் எப்போதும் இரண்டு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை நாற்றம் மேலே வருவதில்லை. ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வீடு பூட்டிக் கிடந்தால் அது வற்றி, நாற்றம் வரும். பிறகு அம்மாவிடம் கொஞ்சம் மஞ்சள்தூள் கேட்டார். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பழைய இடத்தில், ஷவருக்குக் கீழே அந்த மூலையில், மெதுவாகச் சாய்த்தார். மஞ்சள் தண்ணீர் சுவரோரம் ஒரு கணம் விரிந்தது. பிறகு இரண்டு சரிவிலும் இறங்கி, மடிப்புக் கோட்டில் ஒன்றுசேர்ந்து, அதன் வழியே ஓடி, கம்பி வலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளே போனது. மேஸ்திரி குனிந்து மூலையை விரலால் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, “வாங்கம்மா, நின்னு பாருங்க” என்றார்.